செல் மாற்றினால் போதுமா?

எங்கள் பெரியப்பா 2021இல் காலமானார். புதுச்சேரியில் 'சொல்தா' என்று ஊரார் குறிப்பிடும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர்களில் அவரும் ஒருவர். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய அறையை ஒழித்தபோது, மர அலமாரியின் இழுப்பறையில், பிரெஞ்சு நாளிதழின் ஒரு பக்கத்தில் சுற்றிய ஏழு கைக்கடிகாரங்கள் கிடைத்தன. ஏழும் நின்றிருந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிரான்சிலிருந்து உறவினர்கள் விடுமுறைக்கு வருவார்கள். பெட்டியைத் திறந்தால் வாசனைத் திரவியம், சாக்லேட், ஒரு கைக்கடிகாரம். அது இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடும், ஒரு நாள் நிற்கும், இழுப்பறைக்குப் போகும். அடுத்த ஆகஸ்டில் இன்னொன்று வரும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்படிப்பட்ட இழுப்பறைகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றனவோ!

நின்றுபோன பேட்டரிக் கடிகாரம் பழுதாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அல்லது, செல் தீர்ந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையில் எங்கள் கட்சி. பெரும்பாலானவை பழுதாகவில்லை. ஆனால் 'எப்போது வேண்டுமானாலும்' என்று போட்டு வைப்பதால்தான் அவை பழுதாகின்றன. கொல்வது ஓட்டமன்று, ஓய்வு. இதை நாங்கள் உணர்ந்துகொள்ள ஏழு கடிகாரங்களும் பத்து வாரங்களும் தேவைப்பட்டன.

சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு ஒரு நன்மை இருந்தது. தினமும் காலையில் அதை நினைத்தாக வேண்டும். முல்லைப்பாட்டின் பாசறையில் கன்னல் கொண்டு பொழுதளந்து சொல்கிறவர்கள் வருகிறார்கள். வட்டிலில் நீர் ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டியிருந்த காலம் அது. (இருபத்து நான்கு நிமிடங்கள் கொண்டது ஒரு நாழிகை; நாளுக்கு அறுபது நாழிகை. அன்று பொழுதை அளந்த நீர்தான் இன்று கடிகாரத்தின் முதல் எதிரி என்பது வேறு கதை.) கடிகாரம் என்றால் யாரோ ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். பேட்டரிக் கடிகாரம் வந்து அந்த வழக்கத்தை முறித்தது. இதற்கு எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லியே விற்றார்கள். நாமும் அப்படியே நம்பினோம்.

உள்ளே இருப்பது மிகவும் நுட்பமான ஏற்பாடு. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்னும் பண்பைப் பியேர், ழாக் என்ற கியூரி சகோதரர்கள் 1880இல் பாரிஸில் கண்டறிந்தார்கள். மின்சாரம் செலுத்தினால் அது அதிரும் என்பது இதன் மறுபக்கம். கடிகாரத்துக்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய சிறு படிகம் ஒன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? இதைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் ஒன்று வரும். அந்த 'ஒன்று'தான் வினாடிக்கு ஒரு மின்துடிப்பு. அத்துடிப்பு மயிரிழையினும் மெல்லிய செப்புக் கம்பிச்சுருள் வழியாகப் போய், சின்னஞ்சிறு காந்தம் ஒன்றை அரைச்சுற்றுத் திருப்புகிறது, பற்சக்கரங்கள் நகர்கின்றன. இந்த நுண்மோட்டாரின் மூலவடிவை 1936இல் அமைத்துக் காட்டிய மாரியுஸ் லவேயும் பிரெஞ்சுக்காரரே. இத்தனையையும் ஒன்றுசேர்த்துக் கைக்கடிகாரமாக முதலில் விற்றது ஜப்பானின் செய்கோ நிறுவனம். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், டோக்கியோவில்.

அந்த அலை வந்த பிறகு ஐரோப்பாவில் என்ன நடந்தது என்பதைப் பெரியப்பா தம் பாணியில் சொல்வார். 1973இல் பெசான்சோன் நகரில் லிப் கடிகார ஆலையில் ஆட்குறைப்பு என்றதும் தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றி, தாமே கடிகாரங்களைச் செய்து, தாமே விற்று, தாமே சம்பளம் பிரித்துக்கொண்டார்கள். அப்போது பிரான்சிலிருந்த பெரியப்பா அந்தத் தொழிலாளர்களிடம் கடிகாரம் வாங்கியதாகச் சொல்வார். அது உண்மையா, கதை சொல்லும் சுவைக்காகச் சேர்த்ததா என்பது தெரியாது. இழுப்பறையில் இருந்த ஏழில் ஒன்று லிப் என்பது மட்டும் உண்மை. அதுவும் பிற்காலத்துக் குவார்ட்ஸ் லிப். ஆகவே அந்தக் கதைக்குச் சாட்சி சொல்ல முடியாதது.

முதலில் நாங்கள் போனது பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடை ஒன்றுக்கு. நின்றவாறே ஏழுக்கும் செல் போட்டுத் தரச் சொன்னோம். அவரும் நின்றவாறே செய்தார். ஒன்றுக்கு 50 ரூபாய். நான்கு ஓடின; மூன்றை, "மெஷின் போச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். ஓடிய நான்கில் ஒன்று பன்னிரண்டாம் நாள் நின்றது. மற்றொன்று பிந்த ஆரம்பித்தது. கடைக்காரரைக் குறை சொல்லி ஒரு பதிவு எழுதிவிடலாம் என்ற கோபம் எங்களில் ஒருவருக்கு இருந்தது. நல்லவேளையாக எழுதவில்லை. தவறு பெரும்பாலும் எங்களுடையது என்று இரண்டாவது கடையில் தெரிந்தது.

அந்த இரண்டாவது கடையைக் கடை என்பதே மிகை. ஒரு மாடிப்படிக்கு அடியில் மூன்றடி அகல மேசை, கண்ணாடிப் பெட்டி, விளக்கு, நாற்காலி ஒன்று. வாடிக்கையாளர் நிற்கத்தான் வேண்டும். தம் பெயரை எழுதக் கூடாது என்றார் பெரியவர், எழுதவில்லை. நாற்பதாண்டுக்கு மேலாக இதே வேலை. சாவிக் கடிகாரத்தில் தொழில் பழகி, அது அருகிப்போனபோது குவார்ட்ஸுக்கு மாறியவர். கண்ணில் உருப்பெருக்கியைச் செருகி, எங்கள் கடிகாரங்களில் ஒன்றைத் திறந்தார். செல்லை எடுத்து, முதுகைக் காட்டினார்.

"எல் ஆர்னு போட்டிருக்குது பாருங்க சார். நீங்க என்ன கேட்டீங்க?"

செல் என்றுதான் கேட்டோம். எந்தச் செல் என்று கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

ஏறக்குறைய எல்லாப் பிரச்சினைகளும் இங்கேதான் தொடங்குகின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பட்டன் செல்களில் இரண்டு சாதிகள் உண்டு. எஸ்.ஆர். என்று தொடங்குபவை வெள்ளி ஆக்ஸைடு செல்கள். எல்.ஆர். என்று தொடங்குபவை அல்கலைன் செல்கள், ஏ.ஜி. என்ற குறியோடு அட்டையில் பத்துப் பத்தாக வருபவையும் பெரும்பாலும் இவையே. பின்னால் வரும் எண் அளவைச் சொல்வது. 626 என்றால் ஏறத்தாழ 6.8 மில்லிமீட்டர் குறுக்களவு, 2.6 மில்லிமீட்டர் கனம். அளவு ஒன்றாக இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஓடவும் செய்யும். இதுதான் மோசம்.

வெள்ளி ஆக்ஸைடு செல் 1.55 வோல்ட்டை ஏறக்குறைய கடைசிவரை அப்படியே கொடுத்துவிட்டு, முடிவில் சட்டென்று விழும். அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். கடிகாரத்துக்குத் தேவை மிகச் சிறிய மின்னோட்டம், ஆனால் நிலையான மின்னழுத்தம். ஒரு சாதாரண முள் கடிகாரம் சுமார் ஒரு மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கிறது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 9 மில்லி ஆம்பியர்-மணிக்கும் குறைவு. ஆகவே நல்ல வெள்ளி ஆக்ஸைடு செல் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்வரை தாங்கும். அல்கலைனில் கொள்ளளவும் குறைவு. மின்னழுத்தம் இறங்கியதும், உள்ளே சரக்கு மிச்சமிருந்தாலும், கடிகாரம் தடுமாறத் தொடங்கிவிடும். இதைவிடப் பெரிய குற்றம், அது கசியும் தன்மை. தீர்ந்தபின் உள்ளேயே கிடந்தால் காரக் கரைசல் விளிம்பில் கசிந்து உப்பாகப் பூக்கும். வெள்ளி ஆக்ஸைடும் கசியாது என்று சொல்வதற்கில்லை. நெடுநாள் கிடந்தால் அதுவும் கசியும். ஆனால் அல்கலைன் முந்திக்கொள்ளும்.

இரண்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு. பெரியவர் எங்களிடம் எஸ்.ஆர். செல்லுக்கு 150 ரூபாய் வாங்கினார். "150 சொன்னா, எதிர்க்கடையில 50தானேன்னு போயிடுவாங்க. அப்புறம் நானும் எல் ஆர்தான் வாங்கி வைக்கணும்" என்றார். உண்மை இதுதான். நாமே 50 ரூபாய்க்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடிய வேண்டும் என்று நின்றுகொண்டு, பிறகு, நல்ல தொழிலாளிகள் அருகிப்போனார்கள் என்று புலம்புகிறோம். ஐம்பது ரூபாய் கொடுத்தவனுக்கு ஐம்பது ரூபாய் வேலை கிடைக்கிறது. இலக்கியப் பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டத் தயங்கிக்கொண்டே தரம் போய்விட்டது என்று பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்களே, அதே நியாயம்தான். (கட்டாதவர்கள் பட்டியலில் நாங்களும் இருந்திருக்கிறோம்; ஆகவே இதை இத்துடன் விடலாம்.)

கடிகாரம் நிற்பதற்குமுன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. வினாடி முள் ஒவ்வொரு வினாடியாக நகராமல், இரண்டு வினாடிக்கோ நான்கு வினாடிக்கோ ஒருமுறை தாவினால் அது பழுதன்று. செல் தீரப்போகிறது என்று உள்ளிருக்கும் சில்லு தரும் சைகை. பல நல்ல கடிகாரங்களில் இந்த ஏற்பாடு உண்டு. நேரம் அப்போதும் சரியாகவே இருக்கும். இந்தத் தாவலைக் கண்டு, "மெஷின் போச்சு" என்று இழுப்பறையில் போட்டவர்கள் எத்தனை பேரோ. எங்கள் பெரியம்மா அவர்களில் ஒருவர்.

முள் நகராமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தால், துடிப்பு வருகிறது, தள்ளத்தான் வலுவில்லை என்று பொருள்: செல் மிகவும் தளர்ந்திருக்கலாம், சக்கரங்களில் எண்ணெய் காய்ந்திருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம், முள் ஒன்று இன்னொன்றில் உரசலாம். அசைவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சாவியை. அது வெளியே இழுபட்டிருந்தால் கடிகாரம் நிற்கத்தான் செய்யும். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒருவர் பதற்றத்தோடு வந்து புதுக் கடிகாரத்தை நீட்டினார். பெரியவர் கட்டைவிரலால் சாவியை உள்ளே தள்ளித் திருப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, வந்தவர் முகத்தையும் பார்க்கவில்லை. அதுவும் ஒரு நாகரிகம்.

சாவி சரியாக இருந்து, செல்லும் புதிதாக இருந்து, அப்போதும் ஓடவில்லை என்றால் செல்லுக்கு அடியிலிருக்கும் தொடுதகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேசாகப் பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தமான ஆல்கஹாலில் துடைத்து உலரவிட்டால் போதும். பன்னிரண்டாம் நாள் நின்ற எங்கள் கடிகாரத்துக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. செல்லுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று சில கடிகாரங்களில் இருக்கும். அவசரத்தில் செல் மாற்றுகிறவர்கள் அதைப் பழைய செல்லோடு சேர்த்து எறிந்துவிடுவது உண்டு. பிறகு செல் குறுக்குமின்னோட்டத்தில் சீக்கிரம் தீரும். காரணம் ஒருவருக்கும் விளங்காது.

காந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசியின் ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பூட்டு, குளிர்பெட்டியின் கதவு, இவற்றின்மேல் குவார்ட்ஸ் கடிகாரத்தை வைத்தால் மோட்டார் நின்றோ பிந்தியோ போகும். எடுத்துவிட்டால் ஓடும், விட்ட நேரத்தைத் திருத்திக்கொண்டால் போதும். எங்கள் ஏழில் பிந்தத் தொடங்கிய ஒன்று இரவெல்லாம் கைப்பேசியின்மீது படுத்திருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. வெயிலும் பிந்த வைக்கும். படிகத்தின் அதிர்வு ஏறத்தாழ 25 பாகை வெப்பத்தில் உச்சம். கூடினாலும் குறைந்தாலும் அதிர்வு சற்றே தணியும். மே மாதத்தில் வண்டிப்பெட்டிக்குள் 45 பாகையில் கிடந்தால் நாளொன்றுக்கு ஒரு வினாடிக்கும் சற்று மேலாகப் பிந்தும். கையில் கட்டியிருந்தால் உடலின் வெதுவெதுப்பே அதைச் சமனில் வைத்திருக்கும். கட்டிக்கொள்வதும் ஒருவகைப் பராமரிப்புத்தான்.

எண்கள் காட்டும் கடிகாரத்தில் வேறொரு சங்கதி. ஏழில் ஒன்று கேசியோ. அதற்குரிய 3 வோல்ட் லித்தியம் செல்லை நாங்களே வாங்கிப் போட்டோம். திரை வெறுமையாகவே இருந்தது. சரி, செத்தது என்று முடிவு கட்டினோம். பெரியவர் திறந்து, ஏ.சி. என்று குறித்திருந்த சிறு புள்ளியையும் செல்லின் மேற்பக்கத்தையும் இடுக்கியின் இரு நுனிகளால் ஓரிரு வினாடி சேர்த்துத் தொட்டார். எண்கள் வந்துவிட்டன. புதுச் செல் போட்டதும் சில்லை முதலிலிருந்து தொடங்கவைக்கும் வழி அது. பின்மூடியின் உட்புறத்திலேயே பொறித்தும் இருக்கிறது. நாங்கள் மூடியைக் கழற்றினோம், படிக்கவில்லை. படிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள்!

இனி நம் ஊர்க் காற்று. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகள் ஓடாத நேரத்தில் காலார நடப்பது புதுச்சேரி வாழ்வின் இன்பங்களில் ஒன்று. அந்தக் காற்றில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் என்ன ஆகின்றன என்பதைப் பார்க்கிறோம். மணிக்கட்டில் கட்டியிருப்பதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டென்று நினைக்கிறோம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டையைக் கடிகாரத்தோடு பிணைக்கும் பின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து ஒருநாள் விட்டுவிடும். கடிகாரம் கீழே விழுந்த பிறகுதான் தெரியும். பித்தளைமேல் குரோம் பூசிய உறையை வியர்வை தின்னும். பின்மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. ஈரத்தை நிறுத்துவது அது ஒன்றுதான். அது சில ஆண்டுகளில் காய்ந்து தட்டையாகும். செல் மாற்றும்போதெல்லாம் அதைப் பார்த்து, சிலிகோன் கிரீஸ் தடவவோ மாற்றவோ வேண்டும். ஐந்து நிமிட வேலையில் முதலில் விடுபடுவது இதுதான். 30 மீட்டர் என்று முகப்பில் எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருளல்ல. கைகழுவும்போது தெறிக்கும் நீரையும் மழைத்தூறலையும் தாங்கும் என்றே பொருள். கடலில் நனைந்த கைக்குக் குழாய்நீர் ஊற்றிக்கொள்வதுபோல, நீர்காப்பு உள்ள கடிகாரத்தையும் சாவி உள்ளே இருப்பதை உறுதிசெய்துகொண்டு நல்ல நீரில் அலசித் துடைக்க வேண்டும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசிப் பானையில் புதைக்காமல் அன்றே திறந்து உலர்த்தக் கொடுப்பது நல்லது.

இவற்றில் எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேட்டால், எங்கள் பதில் கோழைத்தனமானது. துடைக்கலாம், அலசலாம், சாவியைப் பார்க்கலாம், காந்தத்தை விலக்கலாம். கட்டப்போவதில்லை என்றால் செல்லை எடுத்துவிடச் சொல்லி வாங்கி வைக்கலாம். (சாவியை இழுத்து வைத்தால் செல் செலவு குறையும் என்பது உண்மைதான், ஆனால் அவ்வழியே ஈரமும் புகும், கசிவும் நிற்காது.) திறப்பதைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுவதே மேல். இரும்பு இடுக்கியால் செல்லின் இருபுறத்தையும் சேர்த்துப் பிடித்தாலே அது வலுவிழக்கும். அழுத்தி மூடும் பின்மூடியில் சாவித்தண்டுக்கென ஒரு வெட்டு இருக்கும். அது பொருந்தாமல் அழுத்தினால் தண்டு நசுங்கும், கண்ணாடி விரியும். எல்லாவற்றையும்விட அந்தச் செப்புச்சுருள். திருப்புளி ஒருமுறை வழுக்கினால் போதும். எங்கள் லிப் கடிகாரத்தில் எவரோ எப்போதோ அப்படி வழுக்கவிட்டிருக்கிறார். சுருளில் ஒரு சிறு கீறல்தான்; அதற்கு மாற்றுச் சுருள் எங்கும் கிடைக்கவில்லை. கதைக்குச் சாட்சி சொல்லாத அது இனி நேரமும் சொல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை. கழற்றிய செல்லைக் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. விழுங்கினால், குறிப்பாக நாணயம் போன்ற லித்தியம் செல் உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண்ணை உண்டாக்கும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பழைய செல்கள் குப்பைக்கும் போகக் கூடாதவை. 2022இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் இவற்றையும் உள்ளடக்கியவையே. பெரியவர் தம் மேசையடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைக்கிறார். எஸ்.ஆர். செல்லில் உள்ளது வெள்ளியல்லவா, எடைக்கு வாங்க ஆள் வருகிறார்களாம்.

கைப்பேசியில் நேரம் தெரிகிறது, இது எதற்கு என்று கேட்பவர்களிடம் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால், "150 ரூபாய் செல் எதற்கு, 300 ரூபாய்க்குப் புதுசே வாங்கலாமே" என்பவர்களிடம் வழக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் அப்படிக் குவித்து வைத்திருக்கிறார்கள். அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. அவற்றிலும் ஓடுவது அதே படிகம், அதே மோட்டார். நாங்கள் சொல்வது, கையிலிருப்பதைக் கைவிடுவதற்கு விலை ஒரு காரணமாகாது என்பதுதான். உதிரிபாகம் ஒருமுறை போனால் போனதுதான். எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. அதன்பின் எச்.எம்.டி. வைத்திருப்பவர்கள் உதிரிபாகத்துக்கு இன்னொரு பழைய எச்.எம்.டி.யைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஒன்று பிழைக்க ஒன்று சாக வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. ஏழாவது கடிகாரம் பெரியப்பா அன்றாடம் கட்டியது. தேதியும் கிழமையும் காட்டும் ஜப்பானியக் கடிகாரம், பிரான்சில் வாங்கியது. ஆகவே கிழமை பிரெஞ்சில் வரும். ஞாயிறு என்றால் 'திம்' என்று மூன்று எழுத்து. 'திமான்ஷ்' என்பதன் சுருக்கம். அதைத் திறந்தபோது செல் பச்சை நிற உப்புக்கட்டியாக இருந்தது. கசிவு செப்புச்சுருள்வரை போய் அதைத் தின்றிருந்தது. மார்க்கெட் கடைக்காரர், "மெஷினை மாத்திடலாம், புதுசு போட்டா ஓடும்" என்றார்; பொய்யல்ல, அளவு பொருந்தும் மலிவான ஜப்பானிய மெஷின் கிடைக்கிறது. ஆனால் கிழமை ஆங்கிலத்தில் வரும். பாரிஸ் புறநகரில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டோம். "திம் வராதுன்னா வேணாம்பா. அப்படியே வையுங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றார். ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்ற பொருளில் அவர் சொன்னார். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

படிக்கட்டடிப் பெரியவர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். பெரியம்மாவுக்கென்று அதே நிறுவனத்தின் கடிகாரம் ஒன்று அடுத்த ஆண்டு வந்திருந்தது. ஏழில் அதுவும் ஒன்று. தாவிய முள்ளைக் கண்டு இழுப்பறையில் போடப்பட்டது அதுதான். வாஷர் போய் ஈரம் புகுந்து அதன் முகப்பும் முள்ளும் கருத்துப் பாழாகியிருந்தன. சுருளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டிலும் மெஷின் ஒன்றே என்று எண்ணைப் பார்த்துச் சொன்னார். "அம்மா வாட்ச்லேர்ந்து எடுக்கலாமா? கேட்டுட்டு வாங்க சார்" என்றார். கேட்டோம். பெரியம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை அனுமதியாக எடுத்துக்கொண்டோம். அங்கிருந்த சுருள் இங்கே வந்தது, தொடுதகடு துலக்கப்பட்டது, சக்கரங்கள் கழுவி எண்ணெயிடப்பட்டன, புது வாஷர், எஸ்.ஆர். செல். கூலி 600 ரூபாய் கேட்டார். கொடுத்தபோது கை கூசியது, குறைவாயிற்றே என்று.

மூடுவதற்குமுன் பின்மூடியின் உட்புறத்தை விளக்கொளியில் சாய்த்துக் காட்டினார். ஊசியால் கீறிய சிறு சிறு எழுத்துகள். செல் மாற்றுகிறவர்கள் தேதியைக் கீறிவைப்பது அந்தத் தொழிலின் வழக்கமாம். மூன்று வெவ்வேறு கையெழுத்தில் நான்கு தேதிகள் இருந்தன. கடைசித் தேதி 2016 மார்ச். அந்த ஆண்டு ஆனி மாதத்தில்தான் பெரியப்பா படுக்கையில் விழுந்தார். கடிகாரத்தைக் கழற்றியதும் அப்போதுதான். ஏழாண்டுகள் அந்தச் செல் உள்ளேயே கிடந்திருக்கிறது. அவருக்கு மருந்து கொடுக்கும் வேளைகளை எழுதிவைத்தோம். இதைக் கழற்றியவர்களுக்குச் செல்லை எடுக்கத் தோன்றவில்லை.

பெரியவர் ஊசியை எடுத்து ஐந்தாவது தேதியைக் கீறினார். "ரெண்டு வருஷம் கழிச்சு, ஓடிட்டிருக்கும்போதே கொண்டாங்க சார். நின்னப்புறம் வேணாம்" என்றார்.

அக்கா அடுத்த ஆகஸ்டில் வந்தார். அதுவரை எங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் அதைக் கட்டிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை நள்ளிரவில் கிழமைத் தகடு நகர்வதைப் பார்க்க வேண்டும் என்று விழித்திருந்து பார்த்தார். ஒரேயடியாகத் தாவாமல் மெல்ல மெல்லத்தான் அது நகரும். பன்னிரண்டேகால் தாண்டியும் பழைய கிழமையின் வால் சிறிது தெரிந்துகொண்டிருந்தது. பிறகு 'திம்' முழுதாக வந்தது.